70 வளைவு ஏறப் போறீங்களா? முதல்ல பட்டறைக்குள்ளே எட்டிப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 5 மணி.

சேலம் ஐந்து ரோடு இன்னும் சரியாகக் கண் விழிக்கவில்லை. பால் வண்டி ஒன்று போகிறது. டீக்கடை பாய்லர் இப்போதுதான் சூடாகிறது.

"டப்... டப்... டப்... டப்!"

ஒரு புல்லட் வந்து நிற்கிறது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 புகையோடு வருகிறது. கால் மணி நேரத்தில் இருபது வண்டிகள் சேர்ந்து விடுகின்றன.

வருகிறவர்கள் யார்? காலேஜ் வாலிபர்கள், பேங்க் கிளார்க், செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்காரரின் மகன், ஸ்டீல் பிளாண்ட் ஊழியர், தலை நரைத்த ஒரு வாத்தியார்!

எல்லோரும் "ரைடு" போகிறார்கள். எங்கே? கொல்லிமலைக்கு!

வாரம் முழுக்க கணக்கு எழுதியவன், கல்லாவில் உட்கார்ந்தவன், ஆபீசரிடம் திட்டு வாங்கியவன் ஒரு நாள் காற்று வாங்கப் போகிறான். போகட்டும்! அதைத் தப்பு என்று யார் சொன்னார்கள்?

புறப்படும் முன்னால் ஒருவரை ஒருவர் சோதித்துக் கொள்கிறார்கள்.

"ஜாக்கெட் போட்டாச்சா?" போட்டாச்சு. "கையுறை?" ஆச்சு. "பெட்ரோல்?" புல் டேங்க். "செல்போன் மாட்டும் ஸ்டாண்டு?" அதுவும் ஆச்சு.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை.

"உன் வண்டிக்குக் கடைசியா பிரேக் ஆயில் எப்ப மாத்தினே? யார் மாத்தினது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவன் வண்டியைத் திருப்பிக் கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் இருபதில் எத்தனை வண்டி மிஞ்சும்?

70 வளைவு!

மல்லூர், ராசிபுரம், பேளுக்குறிச்சி வரைக்கும் எந்தக் கவலையும் இல்லை. சமவெளி. ரோடு நேராக ஓடுகிறது. எப்படிப்பட்ட வண்டியும் ஓடும்.

காரவள்ளி அடிவாரத்தில்தான் கதை மாறுகிறது.

அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு மலைக்கு 20 வளைவுதான். அதையே "தலை சுத்துதுங்க" என்பவர்கள் உண்டு. இது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்!

ஏறுவது பெரிய விஷயம் இல்லை. ஏறும்போது வண்டி மக்கர் செய்தால் நின்று விடும். தள்ளிக் கொள்ளலாம். இறங்கும்போதுதான் எமன் பின் சீட்டில் ஏறிக் கொள்கிறான்.

ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக். பிடி, விடு, பிடி, விடு. 70 தடவை. பிரேக் கொதிக்கிறது. டிரம் பிரேக் என்றால் சூட்டில் பிடிமானம் குறைந்து கொண்டே வரும்.

"என் வண்டி டிஸ்க் பிரேக்குங்க!" என்று மார் தட்டுகிறவர்களுக்கு ஒரு சமாச்சாரம்.

டிஸ்க் பிரேக்கில் ஓடும் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கொள்ளும். "டாட் 4" என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சூடு வரைக்கும் கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி வைத்திருக்கும் அளவு 155 டிகிரிதான்! அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாவிட்டால்?

மலை இறங்கும் சூட்டில் ஆயில் கொதிக்கும். உள்ளே குமிழி கட்டும். லீவரைப் பிடித்தால் பஞ்சு மூட்டையை அமுக்கியது போல அமுங்கும். வண்டி நிற்காது!

அடுத்த வளைவில் யார் நிற்பார்கள்? முன்னால் போன கூட்டாளி நிற்பான். எதிரே மேலே ஏறி வரும் பஸ் நிற்கும். ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் குழந்தை குட்டியோடு குடும்பமே நிற்கும்!

கும்பலாகப் போகும் பயணத்தில் ஒருவன் பிரேக் ஒருவன் சமாச்சாரம் அல்ல. இருபது வண்டியில் மோசமான பிரேக் எதுவோ, அதுதான் இருபது பேருக்கும் பிரேக்!

நாடு முழுவதும் 2022-ம் வருஷத்தில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கு இது. இவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அதே வருஷம் நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் எது? தமிழ்நாடு!

எல்லாம் பிரேக்கால் வந்த சாவு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தன் கையில் இருக்கும் காரணத்தையாவது ஒழிக்கலாம் அல்லவா?

கண்ணாடி மாளிகையும் கறுப்புத் திரையும்

"அதான் கம்பெனி சர்வீஸ் விடுறோமே!" என்பார்கள்.

விடுகிறார்கள். எப்படி விடுகிறார்கள்? அன்றாடம் நடக்கும் கூத்து இது.

காலை 9 மணி. ஷோரூம் கண்ணாடி பளபளக்கிறது. கவுண்டரில் கழுத்துப் பட்டை கட்டிய தம்பி ஒருவர்.

"சொல்லுங்க சார், என்ன கம்ப்ளெயிண்ட்?"

"பிரேக் ஒரு பக்கமா இழுக்குதுங்க. முன்னாடி டக் டக்குனு ஒரு சத்தம் வருதுங்க."

"ஜெனரல் சர்வீஸ் போட்டுடலாம் சார். சாயந்திரம் 6 மணிக்கு வாங்க."

"மெக்கானிக்கைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டுங்களா?"

"கஸ்டமர் உள்ளே வரக்கூடாது சார். போர்டு பாருங்க."

முடிந்தது! கவுண்டரில் சொன்ன "டக் டக்" உள்ளே போய்ச் சேருவதற்குள் "பொது சர்வீஸ்" ஆகி விடுகிறது. நோயாளி நெஞ்சு வலி என்று சொல்ல, சீட்டில் "உடம்பு சரியில்லை" என்று எழுதிக் கொண்ட கதை!

சாயந்திரம் வண்டி மினுமினுக்கிறது. வாட்டர் வாஷ் செய்து பாலீஷ் போட்டிருக்கிறார்கள். பில்லில் பத்து வரி. ஆயில், பில்டர், கிரீஸ், பாலீஷ். "கன்சூமபிள்ஸ்" என்று ஒரு வரி. அது என்ன என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்கே தெரியாது.

வண்டியை எடுத்துக் கொண்டு அடுத்த சிக்னல் வருவதற்குள் "டக்... டக்!"

திரும்பிப் போய்க் கேட்டால் என்ன பதில்?

"இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க சார். செட் ஆயிடும்!"

எல்லா டீலரும் இப்படித்தான் என்று சொன்னால் வாய் வெந்து போகும். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்து தருகிறவர்கள் சேலத்திலும் இருக்கிறார்கள். நாமக்கல்லிலும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் கேள்வி.

விற்கிற இடத்தில் கண்ணாடி. வேலை செய்கிற இடத்தில் திரை. இந்த வழக்கம் இருக்கும் வரைக்கும் நல்ல டீலரையும் கெட்ட டீலரையும் வாடிக்கையாளர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

லாரிக்காரரைப் பாருங்கள்!

இதற்குப் பாடம் படிக்க அமெரிக்கா போக வேண்டாம். நாமக்கல் போனால் போதும்.

லாரி பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர். திருச்செங்கோடு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. சங்ககிரியில் லாரி இல்லாத தெரு இல்லை. வண்டி வைத்துப் பிழைப்பது எப்படி என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லாரி ஓனர் வண்டியைப் பட்டறையில் விட்டால் "சாயந்திரம் வர்றேன்" என்று கிளம்பிப் போவதில்லை. அவர் இருப்பார். இல்லாவிட்டால் டிரைவர் இருப்பார். டிரைவரும் இல்லாவிட்டால் கிளீனராவது ஒரு டயரைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். பிரேக் லைனிங் மாற்றினால் பழைய லைனிங்கைக் கையில் வாங்கி, தேய்மானத்தைத் தடவிப் பார்ப்பார். டயர் நம்பரை நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

இது சந்தேகமா? அல்ல. பழக்கம். தொப்பூர் கணவாய் இறங்கும் வண்டியில் பிரேக் என்றால் என்ன என்று தெரிந்தவரின் பழக்கம்!

லாரிக்கு இருக்கும் இந்த மரியாதை லட்சம், இரண்டு லட்சம், அதற்கு மேலும் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு ஏன் இல்லை? பட்டறைக்குள் உட்கார வைக்க முடியாவிட்டால் போகட்டும். உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி ஜன்னல் வைக்கக் கூடாதா? விற்கிற இடத்துக்கு இத்தனை கண்ணாடி வாங்கினவர்களுக்கு இன்னும் ஒரு கண்ணாடி வாங்க முடியாதா?

தெரு மெக்கானிக் என்ன ஆனார்?

"எதுக்குங்க கம்பெனி? நம்ம ஏரியா மெக்கானிக் அண்ணாகிட்ட விட்டா போச்சு" என்கிறவர்களும் உண்டு.

வாஸ்தவம்தான். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் கில்லாடிகள் இன்னும் இருக்கிறார்கள். சேலம் பக்கத்தில் ஒரு பழைய ஜாவா ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம் இப்படிப்பட்ட கைகள்தான்.

ஆனால் காலம் மாறி விட்டது. 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. கார்புரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்து விட்டது. வண்டிக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்து விட்டது. காதை வைத்துக் கேட்டால் மட்டும் போதாது. ஸ்கேனரை மாட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஸ்கேனரும், கோளாறு குறியீட்டுப் புத்தகமும் பெரும்பாலும் கம்பெனி டீலர் கையில்!

இது கார் விஷயத்தில் பெரிய வழக்காகவே ஆயிற்று. உதிரி பாகத்தையும் ரிப்பேர் விவரத்தையும் தங்கள் டீலரிடம் மட்டும் முடக்கி வைத்தார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் போட்டது. தொகை 2,544 கோடி ரூபாய்க்கு மேல்! கம்பெனிகள் அப்பீல் போனது வேறு கதை. "ரிப்பேர் செய்யும் உரிமை"க்காக 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ஒரு இணையதளமே திறந்தது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு.

ஆக, வாரண்டி முடிகிற வரைக்குமாவது டீலரை விட்டு ஓட முடியாது. ஓட முடியாத இடத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் அது வியாபாரம் அல்ல, சிறை!

கடை மூடினால்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பகட்டைப் பார்த்து வண்டி வாங்கி, சர்வீஸ் செய்ய ஆள் இல்லாமல் தவிப்பது.

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பெயர் தெரியாதவர் யார்? கும்பலாக ரைடு போவதை உலகம் முழுக்க ஒரு திருவிழாவாகவே ஆக்கிய கம்பெனி. இந்தியாவில் சுமார் பத்து வருஷம் கடை விரித்தது. 2020 செப்டம்பரில் "உற்பத்தியை நிறுத்துகிறோம்" என்று அறிவித்து விட்டது! நாடு முழுக்க இருந்த டீலர்கள் 33 பேர். கோடிக்கணக்கில் முதல் போட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். வண்டி வாங்கியவர்கள், "இனி ஸ்பேர் பார்ட்சுக்கு எங்கே போவது?" என்று பரிதவித்தார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபரில், ஹீரோ கம்பெனி விற்பனையையும் சர்வீசையும் ஏற்றுக் கொள்வதாக ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அதற்கு முன்னால் மைசூர் ஜாவா. 1961-ல் தொடங்கிய தொழிற்சாலை. பிறகு "எஸ்டி" என்ற பெயரில் வண்டி வந்தது. 1996-ல் மூடப்பட்டது. ஆனால் வண்டிகள் சாகவில்லை! ஏன்? வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தார்கள். "உன்கிட்ட பிஸ்டன் இருக்குதா? என்கிட்ட கிளட்ச் பிளேட் இருக்குது" என்று கைமாற்றிக் கொண்டார்கள். எந்த ஊரில் எந்த மெக்கானிக் நம்பகமானவர் என்று வாய் வழியாகவே சொல்லிக் கொண்டார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் ஜூலை இரண்டாவது ஞாயிறை ஜாவா தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2018-ல் அந்தப் பெயரோடு புது வண்டியே மறுபடி சந்தைக்கு வந்து விட்டது.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. கும்பல் சேர்ந்தது ஊர் சுற்ற மட்டும் அல்ல. வண்டியைக் காப்பாற்றவும்தான்!

இருபது பேர் கேட்டால்?

இங்கேதான் சேலம், நாமக்கல் ரைடர்கள் யோசிக்க வேண்டும்.

தனி ஆள் போய் "பழைய பிரேக் பேடைக் கொடுங்க" என்று கேட்டால் கவுண்டர் தம்பி சிரிப்பார். இருபது பேர் சேர்ந்து, "எங்க இருபது வண்டியும் உங்ககிட்டத்தான் விடுவோம். ஆனா இன்னின்ன மாதிரி செய்யணும்" என்று சொன்னால்? முதலாளியே எழுந்து வந்து நாற்காலி போடுவார்!

இருபது வண்டி. வருஷத்துக்கு இரண்டு, மூன்று சர்வீஸ். அது சாதாரண வியாபாரமா? மளிகைக்கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். மாதாந்திர வாடிக்கை இருபது குடும்பம் என்றால் எவ்வளவு மதிப்பு என்று அவர் சொல்வார்.

என்ன கேட்க வேண்டும்? ஐந்தே ஐந்து.

ஒன்று: ஜாப் கார்டு எழுதும் முன்னால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். "டக் டக்" என்றால் "டக் டக்" என்றே எழுத வேண்டும். "ஜெனரல் சர்வீஸ்" என்று எழுதக் கூடாது.

இரண்டு: எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே எழுதித் தர வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் ஆனாலும் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.

மூன்று: காசு கொடுத்து மாற்றிய சாமானுக்குப் பழைய சாமான் கைக்கு வர வேண்டும். வாரண்டியில் இலவசமாக மாற்றினால் பழையது கம்பெனிக்குப் போகும். அது நியாயம். அப்போதும் கண்ணில் காட்டலாமே?

நான்கு: "இது இப்ப வேண்டாங்க. இன்னும் 3 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்று சொல்லத் தெரிய வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரனை நம்பலாம்!

ஐந்து: தப்பு நடந்தால் ஒப்புக் கொள்ள வேண்டும். தப்பு யாருக்கும் நடக்கும். 2021 மே மாதம் ராயல் என்பீல்டு கம்பெனியே இக்னிஷன் காயிலில் கோளாறு இருக்கலாம் என்று சொல்லி 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் மட்டும் அல்ல, வெளிநாடுகளிலும்! கம்பெனியே "எங்கள் பக்கம் கோளாறு" என்று ஊருக்குச் சொல்லும்போது, ஒரு டீலர் "போல்ட்டு சரியா டைட் பண்ணலைங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொன்னால் மானம் போய் விடுமா?

இந்த ஐந்தையும் பெரிய வேலையில் சோதிக்க வேண்டாம். முதலில் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். கிளட்ச் கேபிள், செயின் டைட். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைத்துக் கொள்ளுங்கள். திரும்பி வரும்போது மீட்டர் அப்படியே நின்றால் ஓட்டிப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். நாற்பது கிலோமீட்டர் கூடியிருந்தால் யாரோ சினிமாவுக்குப் போய் வந்திருக்கிறார் என்று அர்த்தம்!

டீலர் பக்கமும் ஒரு நியாயம்

டீலரிடம் கேட்டால் அவரும் ஒரு பாட்டம் அழுவார்.

சனிக்கிழமை சாயந்திரம் 5 மணிக்கு வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, "நாளைக்குக் காலையில ரைடு. இப்பவே வேணும்" என்று குதிக்கிறார்கள். இருக்கிற மெக்கானிக்குகளோ நாலு பேர். வரிசையிலோ நாற்பது வண்டி. அவசரத்தில் கை வைத்தால் போல்ட்டு லூசாகாமல் வேறென்ன ஆகும்?

சைலன்சரை அறுத்து "பட பட" சத்தம் வரும் குழாயை மாட்டிக் கொள்கிறார்கள். ஒயரை வெட்டி விளக்கு போடுகிறார்கள். பிறகு "வண்டி மிஸ் ஆகுது, வாரண்டியில பாருங்க" என்றால் அவர் எங்கே போவார்? சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்தான் சர்வீஸ் சரியில்லை என்று அதிகமாகச் சத்தம் போடுகிறார்.

ரோட்டில் சாகசம் காட்டுகிறவர்களை வண்டி சரியில்லை என்று யாரும் காப்பாற்றவும் முடியாது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் கீழே விழுந்த பிரபல யூடியூபர் ஒருவருக்கு 10 வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்தானது. ரோட்டில் ரேஸ் விட்டால் ஜெயிலோ 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ காத்திருக்கிறது. ரைடு வேறு, ரேஸ் வேறு. ஒழுங்காகப் போகிறவர்கள் மெதுவான வண்டியை முன்னால் விட்டு, அனுபவசாலியைக் கடைசியில் போட்டு, சாமான் பையோடு வரச் சொல்வார்கள்.

ஆகவே, சர்வீசை மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, அதுவும் கூட்டம் இல்லாத செவ்வாய், புதன்கிழமையில் விட வேண்டும். பிறகு ஆபீசுக்கும் கடைக்கும் ஒரு வாரம் ஓட்ட வேண்டும். லூசான போல்ட்டு காரவள்ளியில் தெரிவதைவிட கொண்டலாம்பட்டியில் தெரிவது நல்லது!

அப்புறமும் ஏமாற்றினால்?

பில்லை வாங்குங்கள். "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்ற ஆசை வார்த்தையில் விழாதீர்கள். பில்லும் ஜாப் கார்டும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒரு போன் போட்டால் என்ன நடந்து விடும் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா மின்சார ஸ்கூட்டர் கம்பெனி மீது, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஒரே வருஷத்தில் இந்த உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டது. 100-க்கு 99 புகார்களைத் தீர்த்து விட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. எது எப்படியோ, ஆளுக்கு ஒரு போன் போட்டதால்தானே கணக்கு வெளியே வந்தது? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்?

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பம்பாயில் இருந்தாலும் சரி, டில்லியில் இருந்தாலும் சரி. வண்டி விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கோர்ட்டு, கேஸ் எல்லாம் வண்டி விழுந்த பிறகு. விழாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

கடைசி வண்டி

அடுத்த ஞாயிறும் ஐந்து ரோட்டில் இருபது வண்டிகள் சேரும். டீ குடிப்பார்கள். படம் எடுத்துக் கொள்வார்கள். "டப்... டப்" என்று கிளம்புவார்கள்.

அந்த இருபதில் ஒன்று, மாதத் தவணையில் வாங்கிய வண்டி. திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில்தான் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ஆபீசுக்குப் போக வேண்டும். வேறு வண்டி இல்லை. அந்த வீட்டுக்கு வேறு சம்பாதிக்கும் ஆளும் இல்லை.

அவருடைய பிரேக் ஆயிலை மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய். மாற்றியதாகப் பில்லில் எழுதி விட்டு மாற்றாமல் அனுப்பிய கைக்கு மிச்சம், அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்தைத்தான் அவர் 70 வளைவிலும் தேடிக் கொண்டு இறங்க வேண்டும்!

டீலர்களே! பட்டறைத் திரையைக் கொஞ்சம் விலக்குங்கள். நேர்மையான வேலை வெளிச்சத்துக்குப் பயப்படாது.

ரைடர்களே! ஜாக்கெட்டைத் தட்டிப் பார்த்தது போதும். புறப்படும் முன்னால் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

"பிரேக் ஆயில் எப்பப்பா மாத்தினே? பழசைக் கண்ணால பார்த்தியா?"

பதில் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். கொல்லிமலை எங்கேயும் ஓடிப் போகாது!